ஒன்பது எழுபத்தைந்துக்கு வரும் படகு

அன்புள்ள சேவி,

போன வியாழக்கிழமை நான் வகுப்பில் தூங்கிவிட்டேன். பயிற்சி மாணவர் பாடம் நடத்த, பின்வரிசையில் உட்கார்ந்து தூங்குவது எங்கள் தொழிலில் சகஜம். அதை உற்றுநோக்கல் என்று சொல்லிக்கொள்வோம். இது அப்படியல்ல. பாடம் நடத்தியவளே நான்தான். முதலாண்டு வகுப்பு, மதிய வெயில், வினா கேட்கும் திறன் என்ற தலைப்பு. மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "ஒரு குழந்தை பதில் சொல்லாம நின்னா நாம முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டேன். கேட்டதுவரை நினைவிருக்கிறது. அடுத்து நினைவிலிருப்பது கைக்கடிகார வார் கன்னத்தில் பதிந்திருந்த எரிச்சல். விழித்துப் பார்த்தால் வகுப்பு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண் பயபக்தியோடு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டபின் ஆசிரியர் அவசரப்படக் கூடாது, குழந்தை யோசிக்க நேரம் தர வேண்டும் என்று அதற்கு முந்தின வாரம் நடத்தியிருந்தேன். மேடம் அதைத்தான் செய்து காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். கண்ணை மூடியிருந்ததை உயர்நிலை நுட்பம் என்று எடுத்துக்கொண்டார்கள் போல. நானும் மறுக்கவில்லை. "இப்படித்தான் காத்திருக்கணும்" என்று சொல்லி, வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சில வருஷம் கழித்து இந்தத் தீவுகளில் ரங்கத்திலோ கேம்பல் பேயிலோ ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியை கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றால், அது யாருடைய மாணவி என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் களைத்துப்போயிருக்கிறேன். களைத்தவள் எழுதும் கடிதத்தில் அறிவுரை இருந்தால் அதைப் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வீட்டில் நீயும் நானும் ஒழுங்காகப் பேசிச் சில நாளாகிறது. சோறு போடவா என்கிறேன், வேண்டாம் என்கிறாய். அதைப் பேச்சு என்று கணக்கில் எடுக்க முடியாது. கடிதத்தைக் கையில் கொடுத்தால் மடித்துப் பையில் செருகிவிடுவாய். அதனால் இதை நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்து அறிவிப்புப் பலகையில் குத்தப்போகிறேன். இரண்டு வருஷத்தில் நீ அங்கே ஆழ்ந்து படித்த ஒரே பொருள் அந்தப் பலகைதான். இறுதிப் பாடத்தில் தேறாதவர், மறுபாடம் எடுக்க வேண்டியவர் என்று உன் பெயர் ஒன்றே ஒன்று ஏற்கெனவே அதில் தொங்குகிறது. பக்கத்தில் உன் அம்மாவும் தொங்கட்டும். மற்ற மாணவர்கள் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்கும் இது தேவைதான்.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை பாம்பூஃப்ளாட் பள்ளியில் உனக்கு மறுபாடம். அதை எடுத்துத் தேறினால் நீ ஆசிரியன். எடுக்காவிட்டால் படித்த இரண்டு வருஷமும் கடலில். நீ எடுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டாய். வெள்ளிக்கிழமைக் கப்பலுக்குச் சென்னைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அங்கிருந்து தூத்துக்குடி, மாமாவின் ஐஸ் கம்பெனி. மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துப் போடுவதை மேற்பார்வை செய்வாயாம். ஐஸை யாரும் மேற்பார்வை செய்யத் தேவையில்லை, அது தானாகவே உருகிக்கொள்ளும். டிக்கெட் யார் எடுத்தது என்று உன் அப்பாவைக் கேட்டேன். துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிற மனுஷன், கேட்ட கேள்விக்குக் கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்வார் என்பது உனக்குத் தெரியும்.

"நாந்தான் எடுத்தேன். அவன் கேட்டான்."

"சமையக்கட்டு பல்ப மாத்தச் சொல்லி நானும் எவ்வளவு நாளா கேக்கேன்?"

"அதுக்கு வரிசையில நிக்க வேண்டியதில்லையே. அதான் தள்ளிப் போவுது."

இந்தக் குடும்பத்தில் கற்றல் கோட்பாடுகளை வைத்துப் பிள்ளை வளர்த்தவள் நான் ஒருத்திதான். அதன் விளைவுகளை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. உனக்கு ஆறு வயதிருக்கும், நான் புதிதாக வேலையில் சேர்ந்திருந்தேன். தூண்டல், துலங்கல், வலுவூட்டல் என்று வகுப்பில் நடத்திவிட்டு வீட்டுக்கு வந்து உன்மேல் பரிசோதிப்பேன். தட்டில் பாகற்காயை மீதம் வைக்காவிட்டால் ஒரு சாக்லேட். கோட்பாடு அற்புதமாக வேலை செய்தது. ஒரே வாரத்தில் தட்டு துடைத்துவைத்த மாதிரி வந்தது. நான் அதை வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொன்னேன், பெயர் சொல்லாமல், ஆனால் பெருமை வழிய. பிறகுதான் தெரிந்தது, நான் அடுப்படிக்குத் திரும்பும் நேரம் பார்த்து நீ அத்தனையையும் அப்பாவின் தட்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தாய் என்று. அவர் என்ன சாப்பிடுகிறோம் என்று பார்த்துச் சாப்பிடுகிறவரா? தன் தட்டில் பாகற்காய் குறையவே மாட்டேன் என்கிறது, உன் அம்மாவுக்குப் பாசம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் பரிசு கொடுத்தது நீ சாப்பிட்டதற்கு அல்ல, தட்டு காலியானதற்கு. எதை அளக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு, அளப்பதற்கு எது வசதியோ அதை அளந்தேன். மதிப்பீடு என்ற பாடத்தில் இதற்கு ஒரு நீளமான பெயர் இருக்கிறது. தேர்வுக்கு அதை எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன். வீட்டில் அது உன் அப்பாவின் தொப்பையாகத் தெரிந்தது.

அடுத்தது சைக்கிள். அந்தச் சமயம் வேறொரு கோட்பாடு பிரபலம். கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுவதுபோல, கற்கிறவனை முதலில் தாங்கிப் பிடித்து, மெல்ல மெல்லக் கையை எடுக்க வேண்டும். நம் தெருவில் நீ சைக்கிளில் ஏற, நான் சீட்டைப் பிடித்தபடி ஓடி வந்தேன். மெல்ல மெல்லக் கையை எடுத்தேன். நீ ஓட்டினாய். சாரம் இல்லாமலே கட்டடம் நின்றது. எனக்குக் கண்ணில் நீர். அப்படியே வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம், அவர்கள் நாத்தனார் கல்யாணம் நின்றுபோன கதையைக் கேட்கப் போய்விட்டேன். கதை சுவாரசியமானது, இப்போது வேண்டாம். நீயோ ஹாடோ இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தாய். இந்த ஊரில் சமதளம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? கீழே கோழிக்கடைக் கூண்டுகள் உன்னைத் தடுத்து நிறுத்தின. கடைக்காரர் உன்னைத் தூக்கி நிறுத்தி, பிரேக் இல்லையா என்று இந்தியில் கத்த, "பிரேக் ஹை அங்கிள். மம்மி நே அபி சிக்காயா நஹி" என்றாயாம். பிரேக் இருக்கிறது, அம்மா இன்னும் சொல்லித் தரவில்லை. அதைக் கடைக்காரர் ஊர் முழுக்கச் சொன்னார். கோழி வாங்கப் போகிற பெண்கள் எல்லோரும் என்னை அப்படித்தான் அடையாளம் சொன்னார்கள். நான் சிரித்துச் சமாளித்தேன். ஓட்டக் கற்றுக்கொடுத்தாகிவிட்டது, நிறுத்துவது தானாக வரும் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அது தானாக வரவில்லை. வெகுகாலம் நீ சுவரில் சாய்ந்துதான் சைக்கிளை நிறுத்தினாய்.

இந்த இரண்டையும் சொல்லி முடித்தால்தான் படகுக்கு வர முடியும். நம் மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளி வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சாத்தத்தில் படகேறினால் பாம்பூஃப்ளாட். பள்ளிக்காரர்கள் நல்ல நேரத்தை எல்லாம் தாங்கள் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கொட்டாவி விடும் கடைசிப் பாடவேளையைத்தான் பயிற்சி மாணவர்களுக்குத் தருவார்கள். மேற்பார்வைக்கு நானும் பிஸ்வாஸ் சாரும் போவோம். உன்னை நான் மேற்பார்வை செய்யக் கூடாது என்பது விதி, அதனால் நீ பிஸ்வாஸ் சார் பங்கு. கடைசிப் பாடவேளை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் திரும்ப வேண்டிய படகு துறைக்கு வந்துவிடும். பள்ளி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். தெரிந்ததும் மாணவர்களில் ஒருவர் வாசலில் வந்து, "மேம், போட் லக் கயா" என்று மெதுவாகச் சொல்வார், படகு வந்து நின்றுவிட்டதாம். இன்னொருவர் என் குடையை எடுத்து நீட்டுவார். நான் எழுந்தால் பிஸ்வாஸ் சாரும் எழுவார். ஒவ்வொரு ஆண்டு மாணவரும் அடுத்த ஆண்டு மாணவருக்குச் சொல்லிவிட்டுப் போகிற சடங்கு அது. எவ்வளவு மரியாதையான பிள்ளைகள் என்று நான் ஆசிரியர் அறையில் மெச்சிக்கொண்டேன். நாங்கள் இறங்கி, அடுத்த நாள் குறிப்புகளை எழுதி, நான் காப்பி குடித்து முடித்திருக்கும் நேரத்தில்தான் நீங்களெல்லாம் சத்தமும் சிரிப்புமாகச் சாத்தத்திலிருந்து நடந்து வருவீர்கள்.

யோசித்துப் பார். ஒரு பாடத்தில் முதலில் ஆர்வமூட்டல், பிறகு கற்பித்தல், கடைசியில் மதிப்பிடுதல். நாங்கள் பார்த்ததெல்லாம் முதல் பகுதி. பார்த்ததற்குத்தான் மதிப்பெண். இந்தத் தீவுகளில் எங்களிடம் பயின்று போனவர்களைப்போல ஒரு பாடத்தைத் தொடங்கத் தெரிந்தவர்கள் எந்த மாநிலத்திலும் கிடையாது என்று சத்தியம் செய்வேன். பொம்மலாட்டம், பாட்டு, சட்டைப் பையிலிருந்து நண்டு. ஒருத்தி தேங்காய் உடைத்துத் தொடங்கினாள், பாடமோ பெருக்கல் வாய்ப்பாடு. ஆர்வம் ஊட்டி ஊட்டிக் குழந்தைகளுக்கு மூச்சு முட்டும். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, நான் படகில் இருப்பேன். இதைத் தீவின் விதி என்றே எடுத்துக்கொண்டேன். மெயின்லேண்டில் கல்வியை அரசாங்கம் தீர்மானிக்கிறது, இங்கே படகு தீர்மானிக்கிறது என்று ஒரு கருத்தரங்கில் சொல்லிக் கைத்தட்டுகூட வாங்கினேன்.

உன் இறுதிப் பாடத்துக்கு வருவோம். நான் வகுப்புக்குள் இல்லை, வராந்தாவில் இருந்தேன், எல்லாம் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பு, கணக்கு, நேரம் கூட்டுதல். பாடப்புத்தகத்தில் ரயில் கிளம்புகிறது. ரயிலை இந்தப் பிள்ளைகள் எங்கே கண்டார்கள்? நீ அதைப் படகாக மாற்றினாய். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்வதை நீ ஒருவன் காதில் வாங்கியிருந்தாய். பெஞ்சுகளை இழுத்து மேல்தளம் அமைத்தாய். ஒருவனை ஓட்டுநர் ஆக்கினாய், ஒருவனிடம் விசில். ஜான்சி என்கிற அந்த ஒல்லிப் பெண்ணிடம் ஸ்கிப்பிங் கயிற்றைக் கொடுத்து, படகு சாத்தம் போய்ச் சேரும்போது கயிற்றை வீசிக் கட்டுவது உன் வேலை என்றாய். விசில் ஊதியதும் நாற்பது பிள்ளைகளும் இடதும் வலதுமாக ஆடின. வெளியிலிருந்த எனக்கே லேசாகக் குமட்டியது, அவ்வளவு நிஜம். மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முகத்தில் புன்னகை. படகு, நான் நிஜப் படகைச் சொல்கிறேன், துறைக்கு வந்தது. பிஸ்வாஸ் சார் குனிந்து, சார், போட் வந்தாச்சு என்று இந்தியில் சொன்னார். தேர்வாளர் நிதானமாக, "எனக்கு எதுக்கு போட்? எங்க அக்கா வீடு இங்கதான், நடந்தே போயிருவேன்" என்றார்.

உன் முகத்தை நான் அப்போது பார்த்தேன், சேவி. இறக்கத்தில் கோழிக்கடையைக் கண்டபோதும் அது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பெஞ்சுகளை அப்படியே விட்டுவிட்டுக் கரும்பலகைக்குப் போனாய். இரண்டு கணக்கு போட்டாய். பிறகு மதிப்பிடுதல். "புரிஞ்சுதா?" என்றாய். புரிந்தது சார் என்று ஓட்டுநர் உட்பட எல்லோரும் கத்தினார்கள். அவ்வளவுதான், உன்னிடம் அதற்குமேல் சரக்கு இல்லை. தேர்வாளர் எழுந்து, கையில் கயிற்றோடு நின்றுகொண்டிருந்த ஜான்சியிடம், ஒன்பது நாற்பத்தைந்துக்குப் படகு கிளம்பி முப்பது நிமிஷம் ஓடினால் எப்போது போய்ச் சேரும் என்று கேட்டார். அவள் உதடு அசையக் கூட்டினாள்.

"ஒம்பது எழுவத்தஞ்சு சார்."

வகுப்பு சிரித்தது. நீ சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை, அதற்காக உன்னை எனக்குப் பிடிக்கும். ஆனால் வேறு எதுவும் செய்யவும் இல்லை. மணி அடித்தது. தேர்வாளர் எழுதியது உன் பெயரோடு பலகையில் வந்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாடம் எடுத்தவர்கள் எல்லோரும் முடிவை நன்றாகச் சமைத்துக்கொண்டு வந்து தேறிவிட்டார்கள். முதல் நாள் உன் முறை வந்தது மட்டும்தான் அவர்களுக்கும் உனக்கும் வித்தியாசம். வீட்டுக்கு வந்து நீ கேட்டது ஒரே கேள்வி.

"நீங்க இதுக்கு முன்னால என்னிக்காவது ஒரு பாடம் முடியிறதப் பாத்திருக்கீங்களாம்மா?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "போட்ட விட்டா நான் எப்பிடில வீடு வந்து சேர?" என்றேன். நீ அறைக்குள் போனாய். அன்றிலிருந்துதான் சோறு போடவா, வேண்டாம்.

சனிக்கிழமை நான் பாம்பூஃப்ளாட்டுக்கு ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்வந்தேன். நீ வரவில்லை. திரும்பும்போது படகில் ஜான்சியும் அவள் அம்மாவும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, ஏதோ கேட்கப் போகிறாள். "மேம், வோ போட் வாலா சார் ஃபிர் கப் ஆயேகா?" என்றாள். மேடம்கிட்ட தமிழ்ல கேளுடி என்று அம்மா தொடையில் ஒரு தட்டு தட்டினாள். "அந்த போட் சார் திரும்ப எப்ப வருவாரு மேம்?" எதற்கு என்று கேட்டேன்.

"போட்டு கிளம்பிச்சுல்ல? நடுக்கடல்ல இருக்கச்சே பெல் அடிச்சிட்டாங்க. சாத்தம் வரவே இல்ல. நாந்தான் கயிறு போடணும்."

கயிறு பள்ளிக்கூடத்துச் சொத்து, அதை இவள் பையில் வைத்துக்கொண்டு திரிகிறாள், பி.டி. சார் தேடுகிறார், கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று அவள் அம்மா புலம்பினாள். நான் ஆசிரியப் புத்தி விடாமல், அன்றைக்கு நீ சொன்ன பதில் என்ன ஆச்சு என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே வருத்தமாகிவிட்டது, விடுமுறை நாளில் பிள்ளையைச் சோதிக்கிறோமே என்று. அவள் வருத்தப்படவில்லை. படகுத்துறைக் கடிகாரத்தில் போய்ப் பார்த்தாளாம். "எழுவத்தஞ்சு அதுல இல்ல மேம். தேடிட்டேன். அறுவதோட நின்னு போவுது." அப்படியானால் மிச்சம் எங்கே போகும் என்று கேட்டேன். அவள் கடலைப் பார்த்தாள். நானும் காத்திருந்தேன், இந்தமுறை கண்ணைத் திறந்துகொண்டுதான். படகு சாத்தத்தில் மோதி நின்றது, ஆட்கள் கயிறு வீசினார்கள், அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போதுதான் திரும்பி, "சார்கிட்ட சொல்லுறேன்" என்றாள். என்னிடம் சொல்ல மாட்டாளாம். அது உனக்காக வைத்திருக்கும் பதில்.

இதற்குமேல் எனக்கு அறிவுரை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று நான் உங்களுக்கு இரண்டு பத்தி நீளத்துக்கு வேறுபாடு எழுதவைத்திருக்கிறேன். அதைத் தூக்கிப் போடு. ஒன்பது எழுபத்தைந்து என்று ஒரு குழந்தை சொன்னால் அவளுக்குக் கூட்டத் தெரியும். நாற்பத்தைந்தும் முப்பதும் எழுபத்தைந்துதான், அதில் பிசகில்லை. ஒரு மணிக்குள் எவ்வளவு கொள்ளும் என்பது மட்டும் அவளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அடுத்து எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதை அந்த ஒற்றைப் பதில் காட்டிக் கொடுக்கிறது. அந்த நேரத்தில் புரிஞ்சுதா என்று கேட்டால் காலித் தட்டைத்தான் காட்டுவார்கள். பாகற்காய் எங்கே போனது என்று பார்க்க நீ மேசைக்கடியில் குனிய வேண்டும். இதை எனக்குச் சொல்லித்தந்தவன் நீதான், ஆறு வயதில்.

புதன்கிழமை போவதென்றால், புதிதாக எதையும் தொடங்காதே. தொடங்குவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை, அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெஞ்சுகளை அதே மாதிரி போடு. அன்றைக்குப் படகு நடுக்கடலில் நின்றுபோனது என்று சொல், அங்கிருந்து ஓட்டு. எழுபத்தைந்து கடிகாரத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. யாராவது பதில் சொல்லும்வரை உனக்கு உடம்பெல்லாம் அரிக்கும், வகுப்பு கெட்டுவிட்டது என்று தோன்றும், தேர்வாளர் பேனாவைத் திறப்பது காதில் கேட்கும். பரவாயில்லை. இந்த வேலையில் களைப்பு பாடம் சொல்வதால் வருவதில்லை, அப்படிச் சும்மா இருப்பதால் வருவது. இத்தனை வருஷத்தில் எனக்கு அந்தக் களைப்பு அதிகம் வந்ததில்லை என்பதை இந்த வாரம்தான் கண்டுபிடித்தேன். எனக்கு வந்திருப்பது வேறு ஏதோ களைப்பு. பதில் வந்ததும் படகைக் கரையில் அணை. ஜான்சி கயிற்றை வீசட்டும். அது கரும்பலகையில் பட்டாலும் சரி, தேர்வாளர் தலையில் விழுந்தாலும் சரி.

போக மாட்டேன் என்றால் வெள்ளிக்கிழமை கப்பல் இருக்கிறது. ஐஸ் கம்பெனியும் கெட்ட இடமில்லை. மாமா நல்லவர், அத்தை சமையல்தான் கொஞ்சம், அதை நீ போய்த் தெரிந்துகொள்வாய். உன்னைப் பிடித்து வைக்க எனக்குத் தெம்பில்லை. நீ போனபின் அந்தப் பெண்ணிடம் கயிற்றைத் திருப்பி வாங்க யாராவது போக வேண்டும், என்னைத்தான் அனுப்புவார்கள், நான் போக மாட்டேன் என்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நீ போனாலும் போகாவிட்டாலும் புதன்கிழமை நான் அந்தப் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே வர எனக்கு அனுமதியில்லை, தேவையுமில்லை. உன் பாடம் இல்லையென்றால் வேறு ஏதாவது வகுப்பு நடக்கும், அதைக் கேட்பேன். யாரும் வந்து போட் லக் கயா என்று சொல்ல வேண்டாம், குடையை நீட்டவும் வேண்டாம். மணி அடிக்கும்வரை இருப்பேன்.

வீட்டுக்கு எப்படி வருவேன் என்று உன் அப்பா கேட்டார். நீ கேட்க மாட்டாய். நான் ஓடி ஓடிப் பிடித்த அந்தப் படகுக்கு அப்புறம் இன்னொரு படகு இருக்கிறது. பள்ளி முடிந்து நீ தினமும் அதில்தான் வந்தாய்.

அம்மா